பேர் மேல் வைத்த பொட்டு

என் பெண்டாட்டியிடம் ஒரு பழைய கேமரா இருக்கிறது. பெட்டி மாதிரி. முன்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு கண்ணாடி. மேல் கண்ணாடி பார்க்க. கீழ்க் கண்ணாடி படம் பிடிக்க. கண்ணில் வைத்துப் பார்க்கிற கேமரா இல்லை. வயிற்றோடு வைத்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் சிங்கப்பூரில் பூன் லே பக்கம் ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில், டவுனில் ஒரு பெரிய கடையில் வாங்கியது. கேமராவின் நெற்றியில் ஒரு சின்னத் தகடு. அதில் அந்தக் கடையின் பேரே இருந்தது. கடைக்காரர்களே செய்தது என்று நினைத்துக்கொண்டாள். பெரிய கடை, அவர்களே செய்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று. கல்யாணம் முடிந்து செம்பவாங்கில் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அதையும் தோளில் மாட்டிக்கொண்டுதான் வந்தாள். நான் கப்பல் பட்டறையில் வெல்டர்.

நன்றாக எடுப்பாள். கீழே எதையோ தொலைத்துவிட்ட மாதிரி குனிந்து நிற்பாள். நம்மைப் பார்க்கவே மாட்டாள். அதனால் யாரும் விறைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு விரல் நக்குகிற படம் ஒன்று இருக்கிறது. எடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மகளுக்குக் காது குத்தின அன்று அவள் தம்பி வந்தான். புதுக் கேமரா வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். அக்காவின் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது அந்தக் கடை செஞ்சது இல்ல லா. எவனோ செய்வான். இவங்க மொத்தமா வாங்கி, மேல அவங்க பேர ஒட்டி விப்பாங்க. ஸ்டிக்கர் கேமரா! நல்லா ஏமாந்துட்ட."

வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது என் தப்பு.

அவள் மேல்மூடியை மூடினாள். அலமாரியில் வைத்தாள். அவ்வளவுதான். அப்புறம் எடுக்கவில்லை. "தம்பியே எடுக்கட்டும்" என்பாள். மகள் பள்ளிக்கூடம் போனது, மகள் கல்யாணம், எல்லாம் தம்பி எடுத்த படம். எல்லாவற்றிலும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நிற்கிறோம்.

மறுபடியும் எடு என்று சொல்ல நினைப்பேன். வாய் வராது. ஆயுத பூஜைக்கு என் சாமான்களோடு அந்தக் கேமராவையும் வைப்பேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கேமராவுக்கு மட்டும் பொட்டை அந்தத் தகட்டின் மேல், பேர் மறைகிற மாதிரி அப்பிவிடுவேன். சாமி முன்னால் அவள் அந்தப் பேரைப் பார்க்க வேண்டாம் என்று. மறுநாள் ஈரத்துணியால் துடைத்து உள்ளே வைத்துவிடுவேன். சுவா சூ காங் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான்.

போன பூஜைக்கு மறுநாள் துடைக்கும்போது தகடு துணியோடு வந்துவிட்டது. அத்தனை வருஷ ஈரம், பசை விட்டுவிட்டது. அடியில் வேறு ஒரு பேர். உலோகத்திலேயே வெட்டியிருந்தது.

மச்சான் சொன்னதுக்குச் சாட்சி. அவள் பார்த்தால் பழையபடி மனசு விட்டுப்போகும். துணியில் சுற்றிக்கொண்டு லிட்டில் இந்தியா போனேன். அங்கே ஒரு மாடியில் பாய் ஒருவர் கடிகாரமும் கேமராவும் ரிப்பேர் பார்க்கிறார்.

"தகட்ட ஒட்டணும் பாய்."

அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஒட்டாம வித்தா நல்ல வெல வரும்ணே. அடியில இருக்கிறது நல்ல கம்பெனி."

"விக்கல."

"கடைக்காரன் பேர் போட்டா மட்டமாயிடுமா? ஆள் அதேதான், சட்டைதான் வேற. இந்தக் கண்ணாடியப் பாருங்க. இதுல படம் எப்படி விழும் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

திறந்து, இறுகிப் போயிருந்ததை எல்லாம் சரி செய்தார். தகட்டை ஒட்ட எடுத்தார்.

"வேணாம். தனியாவே குடுங்க" என்றேன். ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பாய் சொன்ன விஷயமும் அவளுக்குத் தெரியாமல் போய்விடும். "இதுக்கு பிலிம் கிடைக்குமா?"

"கிடைக்கும். இப்ப சின்னப் பிள்ளைங்க இதத்தான் தேடி வர்றாங்க."

ஒரு சுருள் வாங்கினேன். பன்னிரண்டு படம்.

வீட்டில் மேசை மேல் கேமராவை வைத்தேன். பக்கத்தில் தகடு, பிலிம்.

"விழுந்துருச்சா?" என்றாள்.

"ம்."

"வருஷா வருஷம் அதும் மேலேயே சந்தனத்த அப்பினா விழாம?"

"உனக்குத் தெரியுமா?"

"ஸ்பேனருக்கு மிளகளவு பொட்டு. இதுக்கு மட்டும் தோசை மாதிரி. தெரியாதா எனக்கு?"

அடியில் இருந்த பேரை விரலால் தடவினாள்.

"அப்ப தம்பி சொன்னது சரிதான்."

"சரிதான்" என்றேன். "ஆனா அடியில இருக்கிறது நல்ல கம்பெனின்னு பாய் சொன்னாரு. படமும் நல்லா விழுந்துச்சு. அத அவன் சொல்லல. நானும் சொல்லல."

பிலிம் டப்பாவை எடுத்து, திரும்ப வைத்தாள்.

"தகட்ட ஒட்டிக் குடுங்க. இந்தப் பேரப் பாத்துத்தான் நான் வாங்கினேன். இதோடவே இருக்கட்டும்."

அரால்டைட் பசை போட்டு ஒட்டினேன். இனிமேல் சந்தனத்துக்கு அசையாது. அவள் பிலிமை அலமாரியில் வைத்தாள். கேமராவில் போடவில்லை. நான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு மச்சான் வந்தான். சோபாவில் காலை நீட்டி முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். இவள் உள்ளேயிருந்து கேமராவோடு வந்தாள். முன்னால் நின்று குனிந்தாள்.

"அக்கா! ஸ்டிக்கர் கேமரா இன்னும் உயிரோடவா இருக்கு?"

"ஆமாடா."

"கீழ என்ன தேடுற? தோடு விழுந்துருச்சா?"

"உன் மூஞ்சியத் தேடுறேன். இதுல இடம் பத்தல."

அவன் வாய் விட்டுச் சிரித்தான். பல் செட்டு தெரிந்தது. டக்கென்று ஒரு சத்தம்.

"எடுத்துட்டியா? இரு லா, சட்டைய இழுத்து விட்டுக்கிறேன்!"

"முடிஞ்சுருச்சு. முறுக்கத் தின்னு."

படங்கள் வந்தபோது அவன் தன் படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்தான். அவன் இவ்வளவு நன்றாக எந்தப் படத்திலும் இருந்தது இல்லை.

"எனக்கு ஒரு காப்பி குடுக்கா."

"தரேன். பின்னால கடைப் பேர் ஒட்டித் தரேன்."

மீதிப் படங்களில் ஒன்றில் நான் இருக்கிறேன். சட்டையில்லாமல், அடுப்படியில் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

அடுத்த பூஜைக்குக் கேமராவுக்குப் பொட்டு அவளே வைக்கிறாளாம். மிளகளவுதான் வைப்பாளாம்.