நேர்காணலுக்குத் துணை வந்த பெரியோர்

எங்கள் தமிழ் ஒன்றுகூடல்களில் ஆபிரிக்க இளைஞரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் செய்தித்தாள்கள் விதைத்த அச்சமே திரும்ப ஒலிக்கிறது. அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பழகியவர் நம்மில் மிகச் சிலர். பழகியவன் வாய்மூடியிருத்தல் முறையன்று என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

கிளேட்டன் பல்கலைக்கழக வளாகத்திற் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னர், எங்கள் டண்டினொங் புறநகர் நூலகத்திற் சனிக்கிழமைதோறும் கூடும் ஒரு வட்டத்திற்கு அழைக்கப்பட்டேன். வணிக மேலாண்மை முதுகலைக்கு விண்ணப்பிக்கும் கறுப்பின மாணவருக்கு, அப்படிப்பை முன்னரே முடித்த கறுப்பினத்தவர் வழிகாட்டும் வட்டம் அது. அதனை நடத்தியவர் சிம்பாப்வேயிற் பிறந்த வங்கி அலுவலர்; கண்டிப்பும் நகைச்சுவையும் ஒருங்கே வாய்த்த பெண்மணி. ஒத்திகை நேர்காணல்களிற் கடுமுகத் தேர்வாளராக நடிப்பது எனக்கு இட்ட பணி. அவர்கள் ஆங்கிலத்திற் பேசியவற்றை எங்கள் வீட்டுப் பேச்சிலேயே தருகிறேன்.

அவ்வாண்டு எங்கள் கவலையெல்லாம் தென்சூடானிலிருந்து சிறுவயதில் வந்த ஒரு பெண்ணைப் பற்றியது. களஞ்சியசாலை ஒன்றின் மேற்பார்வையாளர் அவர். புலமைப்பரிசில் கிடைத்தாலன்றி அவருக்குப் படிப்பு இல்லை. அதனைப் பெறத் தம் தலைமைப்பண்பை நேர்காணலில் நிறுவ வேண்டும். "நீர் முன்னின்று நடத்திய செயல் யாது?" என்று நான் வினவினால், பாடநூல் வரையறையை ஒப்பித்துவிட்டுத் தலைகுனிவார். நானும் இரக்கத்தால் தலையசைத்துவிடுவேன்.

"அங்கிள், நீங்கள் இப்பிடித் தலையாட்டினா இவள் உருப்பட்டமாதிரித்தான். அங்கை இருக்கிறவை ஆட்டமாட்டினம்," என்று வட்டத்தை நடத்திய அவ்வழிகாட்டி என்னையும் சேர்த்துக் கடிவார்.

நேர்காணல் நாளன்று வழிகாட்டியும் நானும் பல்கலைக்கழக முன்கூடத்திற் காத்திருந்தோம். அப்பெண் வந்தார். அவர் பின்னால் பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார் என ஒரு வரிசை, கழுத்துப்பட்டியும் மினுக்கிய சப்பாத்துமாக வந்தது.

"ஐயோ, இது நேர்முகம். பொம்பிளை கேட்டு வாற இடமில்லை!" என்றார் வழிகாட்டி.

பெரியப்பா அசையவில்லை. "பெரிய காரியத்துக்குப் பிள்ளையைத் தனிய அனுப்புறதோ? தன்ர பெருமையைத் தானே சொன்னா வடிவாயிருக்குமோ? நாங்கள் சொல்லத்தான் வந்தனாங்கள்."

எனக்கு அவ்வழக்கம் புதிதன்று. எங்கள் வீடுகளிலும் பெரியோரே சென்று பேசுவர். ஆயினும் அப்பெண்ணின் மௌனத்தைக் கூச்சம் என்றே அதுவரை கருதியிருந்தேன். அது மரியாதை.

"சரி, என்ன சொல்லப்போறியள்? எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்," என்றார் வழிகாட்டி.

"அந்த வான் ஓட்டத்தைத்தான்," என்று பெரியப்பா விரித்துரைத்தார்.

களஞ்சியசாலையிற் பிந்திய வேலைமுறை முடியும் வேளையிற் பேருந்து இல்லை. அதனாற் பெண்கள் பலர் வேலையை விட்டு நீங்கிக்கொண்டிருந்தனர். இப்பெண் தேவாலயத்தின் பழைய வான் வண்டியைக் கேட்டுப் பெற்று, மாமன்மாரை முறைவைத்து ஓட்டுவித்து, வழித்தடமும் வகுத்தார். நாளடைவில் எரிபொருட் செலவை நிறுவனமே ஏற்குமாறும் செய்தார். நீங்கியோர் மீண்டும் வேலைக்கு வந்தனர்.

வழிகாட்டி இடுப்பிற் கைவைத்து நின்றார். "உதை ஏனடி எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"அது வீட்டுக்காரியம் அக்கா. உதெல்லாம் தலைமை எண்டு ஆர் நினைச்சது?"

"உள்ளை போய் அதைத்தான் சொல்லவேணும், விளங்குதோ?"

அப்பெண் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். பெரியப்பா, "சொல்லு. நாங்கள் சொல்லச் சொன்னதெண்டு சொல்லு," என்றார்.

கண்ணாடிக் கதவு மூடியது. மாமன்மார் ஒருவரும் அமரவில்லை. ஆதலால் எங்களாலும் அமர இயலவில்லை. திரும்பி வந்தபோது அப்பெண் நிமிர்ந்து நடந்தார்.

"முழுக்க வானைப் பற்றித்தான் கேட்டவை. கண்ணாடிக்கு அங்காலை நிக்கிறது ஆரெண்டும் கேட்டவை. என்ர ட்ரைவர்மார் எண்டனான்."

"ட்ரைவரோ?" என்று பெரியப்பா முறைத்தார். பின்னர் அந்த முன்கூடமே அதிரும்படி முதலிற் சிரித்தவரும் அவரே.

புலமைப்பரிசில் கிடைத்தது. பட்டமளிப்பு நாளன்று அம்மாமன்மார் என்னையும் தங்கள் வரிசைக்குள் இழுத்துக்கொண்டனர். நான் பெற்ற பட்டங்கள் எதுவும் எனக்கு அத்தகைய பெருமிதம் தந்ததில்லை.

இவற்றை நினைவிலிருந்தே எழுதினேன். அன்று வந்தோரின் உறவுமுறையிலோ, வான் ஓட்டம் தொடங்கிய விதத்திலோ நான் தவறியிருந்தால், அறிந்தோர் தயங்காது சுட்டுக, திருத்திக்கொள்வேன்.