மேகத்துக்குள் விழுந்த நட்சத்திரம்

ஒத்தாவியோ அல்தமூரா என்ற ஊரில் பஸ் ஓட்டுபவன். வாய்தான் நீளம், ஆள் வெள்ளந்தி என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. வருஷம் தவறாமல், எரிநட்சத்திரங்கள் விழும் சான் லொரென்சோ திருநாள் இரவன்று அவனும் மனைவி மிரெல்லாவும் ரொட்டி, தக்காளி, ஒயின் எல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊருக்கு மேலே இருக்கும் முர்ஜா மேட்டுக்குப் போய்விடுவார்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கம்பளி விரித்துப் படுப்பார்கள். எரிநட்சத்திரத்தைக் கண்டவர் "பார்த்துட்டேன்!" என்று கத்த வேண்டும். கத்தியவருக்கு ஒரு வேண்டுதல். வேண்டியதை வெளியே சொன்னால் பலிக்காது.

போன குளிர்காலத்திலிருந்தே ஒத்தாவியோவுக்கு இருட்டினால் கண் தெரியவில்லை. டாக்டரிடம் போனால் வேலைக்கு உலை வைத்துவிடுவார் என்ற பயம். மிரெல்லாவிடமும் மூச்சு விடவில்லை. இந்த வருஷம் அவளுடைய சைக்கிள் பின்விளக்கின் சிவப்புப் புள்ளியை மட்டும் நம்பி மிதித்து வந்து சேர்ந்தான்.

படுத்துக்கொண்டு மேலே பார்த்தான். தார் பூசிய மாதிரி ஒரே கறுப்பு. சும்மா கிடந்தால் சந்தேகப்படுவாளே!

"பார்த்துட்டேன்!" என்று கத்தினான். சற்று விட்டு, "அதோ, இன்னொண்ணு! உன் கண்ணு எங்க போச்சு, மிரெல்லா?"

பக்கத்தில் கையை நீட்டித் துழாவினான்.

"என்ன, தூங்கிட்டியா?"

"மேகம் மூடி ரொம்ப நேரமாச்சு, ஒத்தாவியோ."

அவள் எழுந்து உட்கார்ந்தது மட்டும் கேட்டது.

"இருட்டுல உனக்குக் கண்ணு தெரியல, அப்படித்தானே? மாடிப்படியில தடுக்கி விழுந்தியே, அதுவும் இதனாலதானா? எத்தனை நாளா இப்படி?"

"குளிர்காலத்துலேர்ந்து."

"அடப்பாவி! அப்புறமும் ராத்திரி பஸ்ஸ எடுத்தியா? என் தங்கச்சி வேலை முடிஞ்சு அதுலதானே வர்றா!"

"ரோடு எனக்கு மனப்பாடம்டி."

"ரோடு மனப்பாடம். குறுக்க வர்ற ஆளும் மனப்பாடமா?"

ஒத்தாவியோ முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பஸ்ஸைத் தவிர வேறு பிழைப்பு தெரியாதவன். அதற்காக இரக்கப்பட்டு அவளால் விட்டுவிட முடியாதே.

"நாளைக்கு டிப்போவுல நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

அவள் தன் சைக்கிள் விளக்கைப் போட்டுவிட்டு, இரண்டு சைக்கிளையும் நிமிர்த்தினாள். அவன் கையைப் பிடித்து ஹேண்டில்பாரில் வைத்தாள். கீழே ஊர்வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

"பார்த்துட்டேன்னு புளுகினியே," என்றாள், நடந்துகொண்டே. "அதுக்கு என்ன வேண்டிக்கிட்ட?"

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு."