குடிக்காதவர்கள் வைன் ஊருக்குப் போனால்: பாரிஸ், ஸ்ட்ராஸ்பேர்க், கொல்மார்

கல்பிட்டியில் காற்று ஓய்கிற மாதம்தான் எங்களுக்கு விடுமுறை. எத்தாளையில் வீட்டுக்குப் பின்னால் மூன்று அறைகள் கட்டி, கடலில் பட்டத்தைப் பிடித்துச் சறுக்கும் கைட் சேர்ஃபிங் செய்ய வரும் வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கிறோம். சமையல், அறைப் பதிவு எல்லாம் நான். படகு ஓட்டுவது என் கணவர் ஃபாரிஸ். அதனால் எங்கள் முதல் ஐரோப்பியப் பயணம் போன நவம்பர் முதல் வாரத்தில் அமைந்தது. திராட்சையைக் கொடியில் பார்க்க விரும்புகிறவர்கள் செப்டெம்பரில் போங்கள். நவம்பரில் பழம் இருக்காது. இலை மட்டும் மஞ்சளாக நிற்கும். அறை வாடகையும் குறைவு.

போனதற்குக் காரணம் ஜூலியான். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் வைன் செய்யும் குடும்பத்து மகன், நாற்பதைத் தாண்டிய ஆள். நான்கு வருடமாக ஒவ்வொரு ஜூலையும் எங்களிடம் தங்குகிறார். போன வருடம் ஜூலையில் பட்டத்தின் கயிறு அறுந்து, தண்ணீரில் தலை அடிபட்டு மயங்கிப் போனார். அந்த நேரம் ஃபாரிஸ் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தபடியால் அவரைத் தூக்கிப் படகில் போட முடிந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, நல்லபடியாக ஊர் திரும்பினார். அடுத்த மாதமே அவருடைய தந்தை எங்கள் இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லி அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டார்.

"வைன் ஊர்ல நமக்கு என்ன வேல?" என்றார் ஃபாரிஸ்.

"வைன் குடிக்கவா போறோம்? மனிசரப் பாக்கப் போறோம்" என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு பாஸ்போட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஜூலியான் அனுப்பிய திட்டத்தில் ஏழு நாளுக்கு ஆறு ஊர் இருந்தது. நான் மூன்றாகக் குறைத்தேன்: பாரிஸில் இரண்டு இரவு, ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஒன்று, கொல்மாரில் மூன்று. முதல் தரம் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் அரை நாள் பெட்டி இழுப்பதிலேயே போய்விடும். வைன் ஊர்களுக்கென்று தனித்தனியாகத் தங்க வேண்டியதில்லை. கொல்மாரில் இருந்துகொண்டால் சுற்றியுள்ள கிராமங்களுக்கு பஸ்ஸிலோ சைக்கிளிலோ போய் வரலாம்.

விசாவுக்குக் கொழும்பு போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். பயணக் காப்புறுதி, வங்கிக் கூற்று, தங்கும் இடத்து உறுதி, அழைப்புக் கடிதம் எல்லாம் கேட்டார்கள். எங்களுக்குக் கிடைக்க மூன்று வாரம் ஆனது. விமான டிக்கெட் ஒருவருக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய், தோஹாவில் மாறிப் போவது. எத்தாளையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வண்டியில் மூன்றரை மணி நேரம். வழியில் மாதம்பையில் பாதை வேலை நடந்ததால் கொஞ்சம் பயந்துவிட்டேன். அரை மணி கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாரிஸைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் கண்டதை மட்டும் சொல்கிறேன். குளிர் எட்டுப் பாகை. நமது ஊர் ஸ்வெட்டர் ஒன்றுக்கும் உதவாது, அங்கே போய் ஜாக்கெட் வாங்கினோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்த அறை சிறியது, ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து யூரோ. ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டி வரவில்லை, தெருவுக்கு ஒரு கடை இருந்தது. அங்கே பேக்கரியில் சுடும் பாண் நமது பாணைவிட இறுக்கம். ஆனால் சூட்டோடு சாப்பிட்டால் கறி தேவையில்லை. எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஃபாரிஸ் பாலத்தடியில் நின்று ஆற்றுப் படகுகள் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நீளப் படக இந்த இடத்துக்குள்ள திருப்புறான் பாரு" என்று அன்று முழுக்கச் சொன்னார்.

பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பேர்க் விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு மாதம் முந்திப் பதிவு செய்ததால் ஒருவருக்கு முப்பத்தொன்பது யூரோ. கடைசி நேரத்தில் எடுத்தால் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அங்கிருந்து கொல்மாருக்குச் சாதாரண ரயிலில் அரை மணி நேரம்தான். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். லுஹர், அஸர், மஃரிப் தொழுகை மூன்றும் நெருங்கி வருவதால், தொழுகிறவர்கள் ஊர் பார்ப்பதைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கொல்மார் ரயில் நிலையத்துக்கு ஜூலியான் காரோடு வந்திருந்தார். கொல்மாரில் எடுத்த அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு அவர்களுடைய கிராமத்தைப் பார்க்கப் போனோம், ஏழு கிலோமீற்றர் தூரம். பாதையின் இரு பக்கமும் குன்று உச்சி வரைக்கும் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. ஃபாரிஸ் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இவ்வளவுக்கும் தண்ணிக் குழாய் எங்க ஈக்குது?" என்று கேட்டார். மழையை மட்டும் நம்பித்தான் என்று ஜூலியான் சொன்னதை அவர் நம்பவில்லை. எங்கள் பக்கம் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பகல் முழுக்கத் தண்ணீர் இறைக்க வேண்டுமே.

இரண்டாம் நாள் மதியம் அவர்கள் வீட்டில் விருந்து. ஜூலியானின் தாய் ஒடில் மீனும் மரக்கறியும் எங்களுக்கென்று வைன் சேர்க்காமல் சமைத்திருந்தார். அந்தப் பகுதியில் மீனுக்கும் வைன் ஊற்றுவார்கள், கடைகளில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நாங்கள் அமர்ந்ததும் தந்தை ஜெரார் நிலவறையிலிருந்து தூசி படிந்த ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார். எண்பது வயது, பிரெஞ்சு மட்டும்தான் பேசுவார். ஜூலியான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நான் ஃபாரிஸுக்குத் தமிழில் சொன்னேன்.

"இது இவன் பிறந்த வருடத்து வைன். இவன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தேன். இன்று உங்களுக்காகத் திறக்கிறேன்."

இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றை ஃபாரிஸின் முன்னால் வைத்தார். ஃபாரிஸ் என்னைப் பார்த்தார்.

"நஸ்லியா, அவர்ர மனசு நோகாமச் சொல்லு. நாங்க இதத் தொடுறல்ல."

சொன்னேன். ஜூலியானின் முகம் சிவந்தது. தாயிடம் சொன்னவர் தந்தையிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார். கிழவர் போத்தலைப் பிடித்தபடியே நின்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, நீளமாக ஏதோ சொன்னார். ஜூலியான் அதை மொழிபெயர்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒடில்தான் தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னார்: "கொடுக்க வேறு எதுவும் இல்லையாம். ஒன்று மட்டும் கேட்கிறாராம். ஜூலியான் திரும்ப உங்கள் ஊருக்கு வந்தால் கடலில் இறங்க விடாதீர்கள். வாக்குத் தாருங்கள்."

அந்தக் கிழவரின் கண்ணைப் பார்க்க எனக்கு முடியவில்லை. "ஓம் எண்டு சொல்லுங்களேன், ஒரு சொல்லுத்தானே" என்றேன் மெதுவாக.

"பொய் சொல்லச் சொல்றியா? நான் ஏத்த ஏலாதெண்டா வேற ஆள்ர போட்ல போவாரு. அப்ப ஆரு பாக்கிற?" ஃபாரிஸ் கிழவரின் பக்கம் திரும்பினார். "நான் பக்கத்தில ஈப்பேன் எண்டு சொல்லு. அவர் தண்ணில ஈக்கிற நேரம் முழுக்க வேற ஆக்கள ஏத்தி ஹயர் எடுக்க மாட்டேன்."

இதை ஜூலியான் மொழிபெயர்த்தார். கிழவர் கேட்டார், "எவ்வளவு பக்கத்தில்?"

ஃபாரிஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். கொடி வரிசையின் முடிவில் கருவிகள் வைக்கும் ஒரு கொட்டில் இருந்தது. "அந்தக் கொட்டில் வரைக்கும். அதுக்கு மேல தூரம் போக உடமாட்டேன்."

கிழவர் எழுந்து ஜன்னலருகே போய் அந்தத் தூரத்தை வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, ஃபாரிஸின் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்து மகனிடம் கொடுத்தார். குடிக்கும் மேசையில் நாங்கள் உட்காருவதில்லை; அவர்கள் குடிப்பதற்கு முன் இருவரும் எழுந்து, ஒடில் ஊற்றித் தந்த தேநீரோடு ஜன்னல் பக்கம் போய் நின்றோம். அதை யாரும் தவறாக எடுக்கவில்லை. ஜூலைக்குப் பிறகு தந்தையும் மகனும் அந்த விபத்தைப் பற்றிப் பேசியது அன்றுதான் என்று பிறகு சமையலறையில் ஒடில் சொன்னார்.

எங்களைப் போல் குடிக்காதவர்கள் வைன் ஊர்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பாதைகளில் நடக்கக் காசு இல்லை, கிராமத்துக் கடைகளில் புளிக்காத திராட்சைச் சாறு கிடைக்கும். வீட்டுக்கு அழைத்தால் மட்டும், குடிக்க மாட்டோம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அழைத்தவரிடம் சொன்னால் போதாது. ஊற்றப் போகிறவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஜூலையில் ஜூலியான் வந்தார், தந்தையையும் கூட்டிக்கொண்டு. ஃபாரிஸ் வேறு ஹயர் எடுக்கவில்லை. டொல்பின் பார்க்க வந்த எங்கள் விருந்தாளிகளை மச்சானின் படகில் அனுப்பினேன். நீந்தத் தெரியாத கிழவர் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தினமும் படகில் ஃபாரிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. மகன் தண்ணீரில் விழும்போதெல்லாம் ஃபாரிஸின் தோளைப் பிடித்துக்கொள்வாராம். மகன் எழுந்து நின்றதும் விட்டுவிடுவாராம்.