சிஸ்டரின் நெஞ்சுப்பை

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் சட்டை மாட்டக் கூடாது, குடை மாட்டக் கூடாது. காடாத் துணியில் தைத்த ஒரு நெஞ்சுப்பை மட்டும்தான் அதில் தொங்கும். கையில்லாத சட்டை போன்ற உருவம். முன்பக்கம் முழுக்கப் பாக்கெட்டுகள், மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரட்டைப் பொத்தான். பின்னால் கட்டிக்கொள்ள நான்கு நாடாக்கள். மேற்கிலிருந்து காற்று வீசினால் அது லேசாக ஆடும். உள்ளே இருப்பதன் கனத்தால் உடனே நின்றுவிடும். "சோளக்கொல்லைப் பொம்மைய வீட்டுக்குள்ள கட்டி வச்சிருக்கீக" என்று மனைவி சொல்வாள். ஆனாலும் வெள்ளையடிக்கும்போது அவள்தான் அதைக் கழற்றி, அரிசி மூட்டை மேல் பத்திரமாகக் கிடத்தி, வேலை முடிந்ததும் அதே ஆணியில் மாட்டுவாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் ஜீப் ஓட்டினேன். போன் செய்தால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் காலம் அப்போது வரவில்லை. சுற்றிலும் கரிசல், கரிசலில் கருவேலம், கருவேலத்துக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய வெள்ளை ரூம்கள். ஒன்றில் வெடித்தால் அடுத்ததைத் தொடக் கூடாது என்று அவ்வளவு இடைவெளி. பட்டாசு ஆலையின் கேட்டுக்கு வெளியேதான் எந்த வண்டியும் நிற்க வேண்டும். உள்ளே நடைதான், அவசரமென்றால் ஓட்டம்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எனக்கு இரண்டு வயது மூத்தவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கே அவர் சிஸ்டர். தீக்காயம் என்று செய்தி வந்தால் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டிலிருந்து அரை மைல் ஓடுவார். பெட்டி முழங்காலில் இடிக்கும். திரும்பும்போது ஸ்ட்ரெச்சர் பிடிக்க ஒரு கை குறையும். "மனுசனுக்கு மூணாவது கை இல்லாதது பெரிய குறை தம்பி" என்று ஜீப்பில் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்.

அந்தக் குறையைத் தீர்த்தது பட்டாளத்தில் இருந்த அவருடைய தம்பி. லீவில் வந்தவர் ஒரு மிலிட்டரி நெஞ்சுப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பச்சையும் மண்ணிறமும் குழம்பிய நைலான். தோளில் வார், இடுப்பில் வார், சொடக்கென்று பூட்டும் இரும்புக் கொக்கிகள். துப்பாக்கிக் குண்டு வைக்கிற பைகள் வரிசையாக இருந்தன. "இதுக்குப் பேரு செஸ்ட் ரிக்காம்" என்று சிஸ்டர் சொன்னபோது, "ரிக்குன்னா போர் போடுற வண்டில்ல?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வார்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குண்டு இருந்த இடத்தில் பஞ்சுச் சுருள் நுழைந்தது, தோட்டா இருந்த இடத்தில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம். எனக்கு அது பெரிய அதிசயமாகப் பட்டது. ஒரு பொருள் தன் பிறவிக் குணத்தை இவ்வளவு சுலபமாக விட்டுவிடுமா என்று யோசித்துக்கொண்டே அன்று முழுவதும் ஜீப்பைத் தேவைக்கு மேல் மெதுவாக ஓட்டினேன்.

சித்திரை வெயிலில் முதல் அழைப்பு வந்தது. வெடி காயப்போடும் மேடையில் தீப்பிடித்து ஒருவருக்குக் கையும் காலும் வெந்துவிட்டது. பையை மாட்டி, வார்களை இறுக்கி, சிஸ்டர் ஜீப்பிலிருந்து குதித்தார். கேட்டில் போர்மேன் குறுக்கே நின்றார். நரைத்த மீசை, வெறுங்கால், எப்போதும் கதர்ச் சட்டை.

"சிஸ்டரம்மா, நீங்க வாங்க. இந்தப் பை வரக் கூடாது."

"என்ன சொல்றீங்க? உள்ள ஆள் கிடக்கார்!"

"அதுக்காகத்தான் சொல்லுதேன். நைலானு. வறட்டுக் காத்துல சட்டையக் கழட்டுனா சடசடங்கும்ல, அம்புட்டுப் பொறி போதும். கொக்கியெல்லாம் வேற இரும்பு. போற வழியில பூராம் வெடிமருந்து ரூமு."

ஒரு கணம்தான். சிஸ்டர் கொக்கிகளைத் தட்டிவிட்டுப் பையை என் கையில் போட்டார். கைக்கு வந்ததை முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டு ஓடினார். பாதி வழியில் தண்ணீர்ப் பாட்டில் விழுந்து உருண்டது. திரும்பிப் பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை. நான் கேட்டருகே அந்தப் பச்சைப் பையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வராத வீட்டில் மாலையோடு நிற்பவன் மாதிரி நின்றேன்.

அந்த ஆள் பிழைத்தார். உடன் வேலை பார்த்தவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஆனால் சிஸ்டர் கொண்டு போனதில் பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. காயத்தை மூடச் சுத்தமான துணி போதவில்லை. கடைசியில் தன் முந்தானையைக் கிழித்திருக்கிறார். திரும்பும் வழியில் போர்மேனைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். "நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். காட்டன் சேலை தவிர வேற உடுத்தறதில்லை. பையிலே என்ன வைக்கணும்னு ஒரு வாரம் யோசிச்சேன் தம்பி, பை என்னன்னு ஒரு நிமிஷம் யோசிக்கலியே!"

மறுநாள் போர்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சங்கடத்தில் உட்காரவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல், "கோவிச்சுக்கிடாதீக சிஸ்டரம்மா" என்று ஆரம்பித்தார். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கோவமில்லை. வேலை இருக்கு, உட்காருங்க" என்றார். பையில் இருந்த எல்லாவற்றையும் மேஜை மேல் கொட்டினார். எது உள்ளே வரலாம், எது கேட்டோடு நிற்க வேண்டும் என்று போர்மேனே பிரிக்க வேண்டும். இப்படி ஒரு மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கத்தரிக்கோல் வலது பக்கம் போனது, அதாவது வெளியே. ஊக்கு வெளியே. டார்ச் வெளியே. செல்போன் வெளியே. ஊசி மருந்தெல்லாம் ஜீப்பிலேயே இருக்கட்டும் என்று சிஸ்டரே தள்ளினார். பஞ்சும் துணியும் தண்ணீரும் இடது பக்கம். கடைசியில் போர்மேன் தயங்கித் தயங்கிச் சிஸ்டரின் தலையைப் பார்த்தார்.

"கொண்டை ஊசியுமா?" என்றார் சிஸ்டர்.

"அதுவுந்தாம்மா."

இரும்பு ஊசிகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. ஏழு இருந்தன. அடுத்த நாளிலிருந்து சிஸ்டரின் கொண்டையை ஒரு மரக்குச்சி தாங்கியது.

சாத்தூர் டைலர் பாய் காடாத் துணியில் புதிய பையைத் தைத்தார். மூன்று முறை பிரித்து, மூன்று முறை தைத்தார். தைப்பதைவிட நிரப்புவதுதான் பெரிய வித்தை என்று அப்போதுதான் கண்டேன். கத்தரிக்கோல் போக முடியாத இடத்துக்கு எல்லாம் வெட்டப்பட்டே போக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு அசந்து தூங்கும் நேரத்தில் சிஸ்டர் துணியைக் கை அளவு, கால் அளவு, முதுகு அளவு என்று வெட்டி மடித்துக் கட்டுவார். தண்ணீர்ப் பாட்டில் இரண்டும் இடுப்பை ஒட்டிக் கீழே. மேலே வைத்தால் குனியும்போது தாடையில் இடிக்கும். துணி நடு நெஞ்சில். உப்புச் சர்க்கரை வலது தோளருகே. மாட்டிக்கொண்டு குனிவார், தரையில் சம்மணம் போடுவார், எழுவார். பிறகு என்னை மாட்டச் சொல்லி ஆஸ்பத்திரி முற்றத்தில் ஓடவிடுவார். நோயாளிகள் ஜன்னலில் நின்று கைதட்டுவார்கள். ஓடி முடித்ததும் கண்ணை மூடச் சொல்வார். "கால் துணி!" என்பார். என் கை தண்ணீரைத் தொடும். "காயம்பட்டவன் கால் நீட்டுறான், நீ குளிப்பாட்டுற. மறுபடி ஓடு!"

கண்ணை மூடினாலும் கை போக வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

அந்த ஆலையில் பட்டாசுத் திரி செய்யும் அக்கா ஒருவர் சனிக்கிழமைதோறும் தன் அம்மாவைச் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட அழைத்து வருவார். விரல் நுனிகளில் வெள்ளி மருந்து போகாமல் மினுங்கும். மேஜை மேல் பரப்பியிருந்ததைப் பார்த்து, "என்ன சிஸ்டரு, சீர்வரிசையா? தாம்பாளந்தான் கொறையுது" என்றார். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"வெந்த கை வீங்குமே, மோதரம் கழட்ட என்ன வச்சிருக்கீக?"

"சோப்புத் தண்ணி."

"வீங்குன வெரலுக்குச் சோப்பு என்ன பண்ணும்? நூலு வைங்க. ஏலே டிரைவரு, கையக் குடு."

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாமனார் போட்ட மோதிரம் அப்போதே விரலில் இறுகிப் போயிருந்தது. அக்கா தன் மடியிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்து, ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மறு நுனியை விரலைச் சுற்றி நெருக்கமாக நகம் வரை சுற்றினார். திரி சுற்றுகிற கை, ஓர் இழை மேல் இன்னோர் இழை ஏறவில்லை. பிறகு அடி நுனியைப் பிடித்து அவிழ்க்க அவிழ்க்க, மோதிரம் நூலின் மேல் ஏறி, ஊர்ந்து, என் உள்ளங்கையில் விழுந்தது. "ஒம் பொண்டாட்டி கேட்டா எம்பேரச் சொல்லிராத" என்றார்.

சிஸ்டர் நூல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பையையே பார்த்தார். பதினொன்றும் நிறைந்திருந்தன. இடது பக்கம் மூன்றாவதில் அவருடைய சின்ன ஜெபப் புத்தகம் இருந்தது. நர்ஸ் படிப்பு முடித்த நாளிலிருந்து கூடவே இருப்பது. அதை எடுத்து மேஜை டிராயரில் வைத்தார். நூல் அந்த இடத்துக்குப் போனது. நான் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "ஜெபம் எனக்கு மனப்பாடம் தம்பி. நூலை மனப்பாடமாச் சுத்த முடியாதே."

ஆவணியில், தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நின்ற ஒரு காலைப் பொழுதில், அதே ஆலையிலிருந்து போன் வந்தது. கேட் திறந்தே இருந்தது. போர்மேன் காடாத் துணியை ஒரு கண் பார்த்து, கொண்டையில் மரக்குச்சியை ஒரு கண் பார்த்து, "ஓடுங்கம்மா" என்றார். சிஸ்டர் ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஓட, பின்பக்கம் நான். வேப்பமரத்தடியில் வலது கையை வாளித் தண்ணீரில் முக்கி உட்கார்ந்திருந்தவர் அந்தத் திரிக்கார அக்கா. முன்கையும் புறங்கையும் வெந்திருந்தன. விரல்களில் தீ படவில்லை. ஆனால் அவை வீங்கத் தொடங்கி, மோதிர விரல் நீலம் பாரித்திருந்தது. மோதிரம் சோப்புக்கு அசையவில்லை.

"வெட்டிராதீக சிஸ்டரு" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மோதிரத்தையா விரலையா, எதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"யாரு வெட்டப்போறா? உன் நூல்தான் இருக்கே."

சிஸ்டரின் கண் காயத்தின் மேலேயே இருந்தது. கை மட்டும் தானாக இடது பக்கம் மூன்றாவது பொத்தானுக்குப் போனது. நுழைத்தார், சுற்றினார். சுற்று நடுவில் இளகியது. வலியில் முகம் கோணினாலும் அக்காவுக்குத் தொழில் விடவில்லை. "நெருக்கிச் சுத்துங்க... இப்படிச் சுத்துனா எங்க கம்பெனியில ஒங்கள வேலைக்கே எடுக்க மாட்டாக." சிஸ்டர் அவிழ்த்து மறுபடி சுற்றினார். அவர் உதடுகள் அசைந்தன. மனப்பாடமானது ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். மோதிரம் கணுவில் நின்றது, முரண்டு பிடித்தது, பிறகு நூலோடு நூலாக ஏறி வாளிக்குள் விழுந்தது. போர்மேன் சட்டை நனைய வாளிக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினார். விரல் நீலத்திலிருந்து மெல்லச் சிவந்தது. நான் பார்த்த விடியல்கள் எதிலும் அந்தச் சிவப்பு இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விரல் தங்கியிருக்காது என்று மதுரையில் டாக்டர் சொன்னாராம்.

ஆம்புலன்ஸ் காலம் வந்தது. சிஸ்டருக்கு ஊர்ப்பக்கம் மாற்றலும் வந்தது. புறப்படும் அன்று பையைத் துவைத்து, கஞ்சி போட்டு, பதினொன்றையும் நிரப்பி என்னிடம் கொடுத்தார். "காலியாக் கொடுத்தா அது வெறும் சட்டை தம்பி." ஜெபப் புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கொண்டையில் அதே மரக்குச்சி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு இப்போதும் போன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன் தண்ணீர் மாற்றினாயா என்று கேட்பார். சித்திரைதோறும் தண்ணீரையும் பொட்டலங்களையும் மாற்றிவிடுகிறேன். நாற்பது தாண்டிய பிறகும் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்வதில்லை. ஊர் ஊராகப் போகிறேன், வருகிறேன், எழுதுகிறேன். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது அந்த ஆணியில் கனமாக ஒன்று தொங்குவது எனக்கு வேண்டியிருக்கிறது.

போன வாரம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். புறங்கையில் தோல் வழுவழுவென்று வேறு நிறம். விரலில் அதே மோதிரம்.

"ஏலே டிரைவரு, அந்தப் பை இருக்கா?"

"இருக்குக்கா."

"நூலு?"

"அது இல்லாமலா?" என்றேன், ரொம்பப் பெருமையாக.

வீட்டுக்கு வந்து மூன்றாவது பாக்கெட்டைத் திறந்தேன். உருண்டை போய் ஒரு சாண் நூல்தான் மிச்சம் இருந்தது. சட்டைப் பொத்தானுக்கென்றும், பூ கட்டவென்றும், இத்தனை வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நாங்களே உருவித் தீர்த்திருக்கிறோம். செருப்பைக் கழற்றக்கூட இல்லை, கடைக்குப் போய் ஒரு புது நூல் உருண்டை வாங்கி வந்து வைத்தேன். பொத்தானைப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினேன். "என்ன செய்யுதீக?" என்று மனைவி கேட்டாள். கை நேராக அங்கே போனது.