முன் சக்கரத்துக்கு ஒரு டயர்

சாலை பஜாரில் மகனுடைய பழைய ஸ்கூட்டருக்கு டயர் மாற்றுகிறவர் ட்யூபின்மேல் பவுடர் தூவினார். புது ரப்பரோடு அந்த மணம் சேர்ந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது யுத்த காலம். அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயரும் வழுக்கையாகிவிட்டன. ஊரெல்லாம் அலைந்தும் ஒன்றுதான் கிடைத்தது. அப்பா அதை நகத்தால் அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், "பின்னால போடு" என்றார்.

வீட்டுக்கு வந்திருந்த மெக்கானிக் தயங்கினார். "சாரே, முன் டயர் வெடிச்சுப் பொட்டினா ஹேண்டில் கையில நிக்காது."

"பின்னால பொட்டினா இவளும் பிள்ளையும்லா விழுவா."

அருகில் நின்ற அம்மா கேட்டாள். "நீங்க விழுந்த பொறவு நாங்க மட்டும் இருந்து என்ன செய்ய?"

அப்பா டயரை மெக்கானிக்கிடம் நீட்டினார். மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றினார். ட்யூப் ஒட்டாமலிருக்கத் தூவ அவரிடம் பவுடர் இல்லை. அம்மா உள்ளே போய், கல்யாணங்களுக்கு மட்டும் பூசுகிற தன் முகப்பவுடரைக் கொண்டுவந்து டப்பாவோடு கவிழ்த்தாள்.

"எந்த வீல்ல போடட்டு?" பஜாரில் டயர்க்காரர் கேட்டார்.

"பின்னால. அங்கதான் அம்மா இருப்பா" என்று என்னைக் காட்டினான் மகன்.

"முன்னால போடுங்க" என்றேன்.