மீன் கழுவின ஞானஸ்நானத் தொட்டி

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை கோயில் விருந்தில் அப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். காரில் வரும்போது சின்னவனும் நடுவிலவனும் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். "வயிறு சரியில்லையாப்பா? கோழி நல்லா இருந்துச்சு லா." பெரியவள் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தான் கோயில் மண்டபத்துப் பழம்பொருள் கண்காட்சியில் பேசினது எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துவிட்டாள். அம்மாவிடம் அப்படித்தான் சொன்னாளாம்.

அவள் பேசினதில் குறையில்லை. பேசச் சொல்லிக் கொடுத்ததில்தான் குறை. வாயால் சொல்ல வந்தால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும். மூன்றாம் படிவம் வரைக்கும் படித்தவன், அதனால் மெதுவாக எழுதுகிறேன். இந்த ஞாயிறு ஆயர் வருகிறார். அவர் முன்னாலும் பெரியவள் அதையே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அதற்குள் நீங்கள் மூவரும் இதைப் படித்துவிட வேண்டும்.

அன்று பூசை முடிந்ததும் கேஸ் சிலிண்டர் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். மண்டபத்துக்குப் பின்னால் போனேன். கழிவறைக்குப் பக்கத்துக் குழாயடியில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து, பாசிர் பெனாம்பாங்கிலிருந்து வந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அது நிறைய சிவந்த தண்ணீர். செவுளும் குடலும் மிதந்தன, ஈ மொய்த்தது. தொட்டியின் வெளிப்பக்கம் செதில் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சிலுவை தெரிந்தது. கோணல் சிலுவை, கத்தியால் கீறினது.

குனிந்து உற்றுப் பார்த்தேன்.

அந்தச் சிலுவையை எனக்குத் தெரியும். நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டி அது. பட்டணத்தில் கல் தொட்டி வாங்க வழியில்லாமல், ரப்பர் பால்மரம் வெட்டினவர்களே சேர்ந்து வார்த்தது. உள்பக்கத்துக்குப் பால் வாளியைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் சிமெண்டு ஊற்றினார்கள். வாளியின் வளையம் உள்ளே இன்னும் பதிந்திருக்கும். சிமெண்டு காய்வதற்குள் மரம் சீவுகிற கத்தியால் ஒருவர் சிலுவை கீறினார். நான், உங்கள் சித்தப்பா, லயத்தில் பிறந்த வேதக்காரப் பிள்ளைகள் எல்லாருக்கும் தலையில் தண்ணீர் ஊற்றினது அதில்தான்.

"அண்ணே, தள்ளி நில்லுங்க, செதில் பறக்குது!" என்றது ஒரு பெண். அதுவும் எங்கள் தோட்டத்துப் பெண்தான். "என்னண்ணே மூஞ்சி இப்படிப் போகுது? மீன் வேணாம்னா கோழி இருக்கு."

"இந்தத் தொட்டில ஏம்மா கழுவுறீங்க?"

"ஏன், ஓட்டை இல்லையே! எப்பவும் கக்கூஸ் மாப்பு ஊறப்போடுற தொட்டிதான். சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் மீனைப் போட்டோம், பயப்படாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் அதே தொட்டியில்தான் ஞானஸ்நானம். குழந்தையாக இருந்தது, அதற்கு என்ன தெரியும்? அதைத் திட்டி என்ன பயன்? சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குள் போனேன். மூக்கில் மீன் நாற்றம் ஏறிக்கொண்டது.

உள்ளே பெரியவள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நல்ல குரல், தடங்கல் இல்லை. "இதுதான் நம் பங்கின் முதல் ஞானஸ்நானத் தொட்டி. நம் முன்னோர்களின் விசுவாசத்துக்குச் சாட்சி." பெட்டிக்குள் வெல்வெட்டுத் துணியில் ஒரு பீங்கான் பேசின். விளிம்பில் நீலக்கோடு, ஒரு பக்கம் நகமளவு உடைசல். மல்லிகைச் சரம் வேறு சுற்றியிருந்தார்கள். வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துகொண்டார்கள். சுரூபத்தைத் தொட்டு முத்துவது போல. சின்னவனே, நீயும் எம்பித் தொட்டு முத்தினாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். உனக்கு வலித்திருக்கும்.

அந்த உடைசல்தான் அடையாளம். அந்தப் பேசினையும் எனக்குத் தெரியும்.

உங்கள் சித்தப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அதைப் பார்த்தேன். மாதம் ஒரு தடவை பட்டணத்திலிருந்து பாதர் மோட்டார் சைக்கிளில் வருவார். அன்று இரண்டு குழந்தைகள். தம்பி ஒன்று, தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி வீட்டுப் பெண் குழந்தை ஒன்று. தம்பிக்கு முடிந்தது. கிராணி அம்மா ஒரு துவாலையைப் பிரித்து இந்தப் பேசினை எடுத்து, சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தார்கள். தண்ணீரும் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது, மூடி போட்ட ஜக்கில். எங்கள் பிள்ளையின் தலையில் பட்ட தண்ணீர் அவர்கள் பிள்ளையின் தலையில் படக் கூடாது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. பாதர் பேசினைப் பார்த்தார், ஜக்கைப் பார்த்தார், செபத்தை ஆரம்பித்தார். கிராணி வீட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் அந்தப் பேசின்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முடிந்ததும் அந்தத் தண்ணீரை வெளியே கொண்டுபோய் லோங்காங்கில் கொட்டினார்கள். மந்திரித்த தீர்த்தத்தைச் சாக்கடையில்! பேசினைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். எங்கள் ஆட்கள் தொட்டித் தண்ணீரை அள்ளி, யார் காலும் படாத இடமாகப் பார்த்து, வேலியோரத்து மரத்தடியில் ஊற்றுவார்கள். அதுதான் முறை. முறை தெரிந்தவர்கள் கூலிகள், தெரியாதவர்கள் துரைக்குக் கணக்கு எழுதினவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே கொட்டினார்கள். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது கோயிலை இடித்தார்கள். எங்கள் ஆட்கள் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் தொட்டியையும் அந்தோணியார் சுரூபத்தையும் ஏற்றிப் பட்டணத்துக் கோயிலில் ஒப்படைத்தார்கள். அந்தோணியாருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். நாம் உலு யாம் பக்கம் குடியிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது தொட்டி எங்கே என்று கேட்டேன். "ஸ்டோர்ல பத்திரமா இருக்கு" என்றார்கள். நம்பினேன்.

விழாக் குழுத் தலைவர் அந்தக் கிராணி வீட்டுப் பெரிய மகன். ரிட்டையர் ஆன பெரிய உத்தியோகஸ்தர், என்னைவிட மூத்தவர். வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"சார், உள்ள இருக்கிற பேசின் முதல் தொட்டி இல்ல. முதல் தொட்டி பின்னால கெடக்கு. அதுல மீன் கழுவுறாங்க."

அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். திடுக்கிட்டு ஓடுவார் என்று நினைத்தேன்.

"தெரியும் தம்பி" என்றார், சிரித்துக்கொண்டே. "அது சிமெண்டு லா. ஆயர் வர்றாரு, அதையா காட்டுறது? இது எங்க வீட்டுல எவ்வளவு பத்திரமா வச்சிருந்தது. பாக்க எப்படி இருக்கு!"

"எதுக்காக அதைத் தனியா கொண்டாந்தாங்கன்னு தெரியுமா சார்?"

"அந்தக் காலம் அப்படி. அதுலயும் ஞானஸ்நானம் குடுத்தாங்கதானே? அப்ப அதுவும் தொட்டிதான். கோயில்ல வந்து பழசைக் கிளறாதீங்க தம்பி."

பழசைக் கிளற வேண்டாமாம். பழசைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, விளக்குப் போட்டு, பூச்சூடினது யார்?

"சரி சார். என் மக வாயால மட்டும் அதைச் சொல்ல வைக்காதீங்க."

"உங்க மக நல்லா பேசுது. நீங்களே கெடுத்துடாதீங்க. வேணும்னா அந்தத் தொட்டியைக் கழுவி, மாதா கெபிகிட்ட வச்சு, ரோஜா நட்டுடலாம். சந்தோஷமா?" என்று என் தோளைத் தட்டினார். சிலிண்டர் தூக்கும்போது என் சட்டையில் மீன் தண்ணீர் தெறித்திருந்தது. தட்டின கையை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்கு வணக்கம் சொன்னார்.

அதற்குப் பிறகு எப்படியம்மா நான் அந்த மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவேன்? புதிதாக வந்த பாதர் தட்டோடு எதிரில் உட்கார்ந்து, "டேஸ்ட் பிரமாதம்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பாவம், சாப்பிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

பெரியவளே, ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அவர்கள் எழுதிக் கொடுத்ததே போதும். உண்மை எது என்று இப்போது உனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்பதும் நிற்காததும் உன் இஷ்டம். நீ என்ன செய்தாலும் அப்பா பின்வரிசையில் இருப்பேன். சின்னவனே, நீ மட்டும் அதைத் தொட்டு முத்தாதே. அது அப்பாவின் கட்டளை.

நேற்று செம்பனை எண்ணெய் மில்லில் குலையை இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் என் லோரியைக் கோயில் ஓரமாக நிறுத்தினேன். பின்பக்கம் யாரும் இல்லை. தொட்டி நிறையக் கறுப்புத் தண்ணீர், அதில் மாப்பு மறுபடியும் ஊறிக்கொண்டிருந்தது. மாப்பை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தேன். கடையில் வாங்கிப் போயிருந்த புளியோடு கொஞ்சம் மணலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். வாளி வளையத்துக்குள் காய்ந்துபோய் ஒட்டின செதில்களை நகத்தால் பெயர்த்தேன். மீன் வாடை போகிறவரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவினேன். கடைசியாக நல்ல தண்ணீர் பிடித்து, அதை அள்ளிப்போய் வேலியோரத்து மாமரத்தடியில் ஊற்றினேன். திரும்பி வந்து தொட்டியைச் சரித்து, உருட்டி, வேறு யாரும் எதையும் அதில் போட முடியாதபடி வாய் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தேன்.