இரண்டாவது பெயர்

போன வருடம் மகாளய அமாவாசைக்குத் தென்பெண்ணைக் கரையில் வரிசையாக உட்காரவைத்து எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார்கள். அப்பாவும் உட்கார்ந்தார். ஐயர் அவருடைய அப்பா பெயரைக் கேட்டார், சொன்னார். அடுத்து தாத்தா பெயரைக் கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் பரமசிவன் என்று சொல்லிக்கொள்ளலாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் ஐயர். அப்பா கையிலிருந்த எள்ளை இலையில் கொட்டிவிட்டு எழுந்துவிட்டார்.

"பரமசிவனுக்கு நான் எதுக்கு தண்ணி விடணும்? அவரு தலையிலதான் கங்கையே இருக்குதே" என்று கார் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. வாரம் இரண்டு நாள் ஓசூரில் டயாலிசிஸ். அடுத்த அமாவாசைக்கு இருப்பேனோ மாட்டேனோ, அதற்குள் அந்த ஒரு பெயரைக் கண்டுபிடித்துக் கொடு என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் பிரேக் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு பீஸ் திரும்பி வந்தால், அது எந்த ஷிப்டில் எந்த மெஷினில் ஓடியது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில் சரி என்றுவிட்டேன்.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பஞ்சத்தில் கோலார்ப் பக்கம் பிழைக்க நடந்து போன ஒரு புருஷன் பெண்டாட்டி, உத்தனப்பள்ளியில் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் மூன்று வயதுப் பையனை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பும்போது கூட்டிப்போகிறோம் என்றார்களாம். திரும்பவில்லை. அந்தப் பையன்தான் என் தாத்தா. பண்ணைக்காரர் அவரை மாடு மேய்க்க வைத்தாலும் வயிற்றுக்குப் போட்டார், கல்யாணமும் செய்துவைத்தார். பத்திரங்களில் தகப்பன் பெயர் கேட்கிற இடத்தில் பண்ணைக்காரர் பெயரே நிற்கிறது. பெற்றவர்கள் கல்லாவிப் பக்கத்து ஆட்கள் என்பது மட்டும் வாய்வழியாக வந்திருக்கிறது.

எட்டு மாதம் அலைந்தேன். அவ்வளவு பழைய பிறப்புப் பதிவேடு எந்த ஆபீசிலும் இல்லை. பெங்களூரில் இருக்கிற பண்ணைக்காரரின் பேரனைப் போனில் பிடித்தால், நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று எனக்கே புத்தி சொன்னார். மாடு மேய்த்த பையனுக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கூட வேலை செய்கிறவள் எச்சிலைக் கொடுத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்து பார்க்கச் சொன்னாள். அது எவனாவது வெள்ளைக்காரனைப் பங்காளி என்று காட்டும், போ என்றேன். உண்மையில் எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் "எதாச்சும் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பார்.

கடைசியாக அவரையே காரில் ஏற்றிக்கொண்டு கல்லாவிக்குப் போனேன். சந்தை நாள். கேட்டவர்களெல்லாம் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி மட்டும், அப்பா வயதுதான் இருக்கும், கதையை முழுசாகக் கேட்டார்.

"எங்க வூட்டுலயும் ஒரு புள்ளய அப்பிடி வுட்டுட்டு வந்தாங்களாங்க. சும்மா வுட மாட்டாங்க. செப்புத் தகட்டுல அப்பன் பேரையும் ஊரையும் கீறி, சுருட்டி, தாயத்துல அடைச்சு இடுப்புல கட்டித்தான் வுடுவாங்க. உங்கப்பாரு இடுப்புல இருந்திருக்குமே, பாக்கலீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருபரப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்தினேன். அப்பா டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு சொன்னார்.

"இருந்துச்சும்மா. நான்தான் அறுத்தேன்."

செத்தவர் இடுப்பில் கயிறு இருக்கக் கூடாது. எங்கள் பக்கம் குளிப்பாட்டும்போது மூத்த மகன் அறுத்துவிட வேண்டும். தாத்தா செத்த அன்று நாவிதர் கத்தியைக் கொடுக்க, அப்பா அறுத்திருக்கிறார். தாயத்தோடு கயிற்றை உத்தனப்பள்ளி ஏரியில் எறிந்துவிட்டுத் தலை முழுகியிருக்கிறார்.

நான் கத்திவிட்டேன். டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். இத்தனை மாதம் நாயாக அலைந்தேனே, அப்படி ஒரு தாயத்து இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். நாங்கள் வெண்ணெயை ஏரியில் போட்டுவிட்டு அலைந்திருக்கிறோம்.

"காத்து கருப்புக்குக் கட்னதுன்னுதான் நெனச்சேன். போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்னாங்க. நான் பாக்கல." டீயைக் குடிக்காமலேயே கீழே வைத்தார்.

இந்த வருட அமாவாசைக்கு ஆற்றுக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். பெயர் ஏரிக்குள்தானே கிடக்கிறது, அங்கேயே விடுகிறேன் என்றார். உத்தனப்பள்ளிக்குக் கூட்டிப்போனேன்.

ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆள் உயரத்துக்கு மண்ணை அள்ளியிருந்தார்கள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். இரண்டு கோடையாக அள்ளுகிறார்கள், புதுசாக வருகிற கம்பெனி மனைகளுக்கு மேடு கட்ட லாரி லாரியாகப் போயிற்று என்றார். எந்த மனைக்கு என்று கேட்டேன். அவர் சூளகிரிப் பக்கம் ஒரு கை, ஓசூர்ப் பக்கம் ஒரு கை காட்டினார்.

அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு பள்ளத்தின் ஓரத்தில் குந்தினார். கையில் எள்ளை வைத்துக்கொண்டு பாட்டில் தண்ணீருக்காகக் கையை என் பக்கம் நீட்டினார். தெற்கே பார்த்து விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"எந்தப் பக்கம் பாத்து வுடட்டும்மா?" என்றார்.

நான் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். அது திறந்து வெகுநேரமாகியிருந்தது.